பயணிகளையும் படைவீரர்களையும் வாட்டும் வயிற்றுப்போக்கு: நச்சின் வழியைத் தேடும் பெங்களூரு ஆய்வு

பெங்களூரு: ஊர் மாறினால் வயிறு கெடுவது பலருக்கும் நேர்ந்த அனுபவமே. "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரே வரியில் அதைக் கடந்துவிடுகிறோம். மருத்துவ உலகமோ இதனைப் 'பயணிகளின் வயிற்றுப்போக்கு' என்று தனியாக வகைப்படுத்தி, கடந்த 70 ஆண்டுகளாகத் தீவிரமாக ஆராய்ந்து வருகிறது. அந்த ஆய்வுகளில் கணிசமான பகுதி சுற்றுலா விடுதிகளில் அல்ல, ராணுவ முகாம்களில் நடந்தது. நோயை உண்டாக்கும் கிருமியின் நச்சு மனிதக் குடலில் எங்கே ஒட்டுகிறது, அதன் பின் என்ன நிகழ்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வகங்களுள் ஒன்று பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் இயங்குகிறது.

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராக மலம் கழிவதும், அதனுடன் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் போன்றவற்றில் ஒன்றேனும் சேர்வதுமே இந்நோயின் அடையாளம். செல்லும் நாட்டையும் பருவத்தையும் பொறுத்து, இரண்டு வாரப் பயணத்தில் 30 முதல் 70 விழுக்காட்டினர் வரை இதற்கு ஆளாகின்றனர் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்துள்ளது. இதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களால் வருவது. நோரோ போன்ற வைரஸ்களும், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் எஞ்சிய பாதிப்புகளுக்குக் காரணமாகின்றன.

சுற்றுலாப் பயணிக்கு இது இரண்டு நாள் தொல்லை. படைப்பிரிவுக்கு நிலைமை வேறு. 1990-91 வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவில் குவிக்கப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 57 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு முறையேனும் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. 20 விழுக்காட்டினர் சிறிது காலம் பணியாற்ற இயலாத நிலைக்குச் சென்றனர். ஈராக்கில் பணியாற்றிய வீரர்களிடம் பின்னர் எடுக்கப்பட்ட கணக்கில் இந்தப் பாதிப்பு நான்கில் மூன்று பங்கையும் தாண்டியது. எதிரியின் குண்டு படாமலேயே ஐந்தில் ஒரு வீரர் படுக்கையில் விழுவதை எந்தப் படைத் தலைமையும் புறக்கணிக்க முடியாது. இந்நோய் குறித்த ஆய்வுக்கு ராணுவங்கள் தொடர்ந்து நிதி ஒதுக்கி வருவதன் காரணம் இதுவே.

தண்டுப் பகுதியின் பழைய பாடம்

இந்தத் தொடர்பு பெங்களூருவுக்குப் புதிதல்ல. 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கு அமைத்த ராணுவக் குடியிருப்பை உள்ளூர் மக்கள் 'தண்டு' என்றே அழைத்தனர். படையினரைப் பின்தொடர்ந்து வணிகர்களும் கட்டடத் தொழிலாளர்களும் பணியாளர்களுமாகத் தமிழர்கள் பெருமளவில் குடியேறியதும் இங்குதான். அக்காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினரைப் போரைவிட அதிகமாகக் கொன்றவை காய்ச்சலும் சீதபேதியும் காலராவுமே. ஆண்டுக்கு ஆயிரம் வீரர்களில் 69 பேர் வீதம் இறந்ததாக 1863-ஆம் ஆண்டு அரச ஆணையம் பதிவு செய்தது. அந்த ஆணையத்தின் பின்னணியில் நின்று இயங்கிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், முகாம்களின் குடிநீரையும் கழிவுநீர் வடிகாலையும் சீரமைக்காமல் மருத்துவமனைகளை மட்டும் பெருக்குவதால் பயனில்லை என்று வாதிட்டார்.

கொசுவின் வழியே மலேரியா பரவுவதை நிறுவி 1902-இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், அந்த மலேரியா ஆய்வுக்கு நடுவே, 1895 செப்டம்பரில் செகந்திராபாத்திலிருந்து பெங்களூருவுக்கு அனுப்பப்பட்டார். நகரில் பரவிய காலராவைக் கட்டுப்படுத்துவதே அவருக்கு இடப்பட்ட பணி. கிணறுகளும் கழிவுநீர்க் கால்வாய்களும் கலந்து கிடந்த நகரில், மலேரியாவை ஒதுக்கி வைத்துவிட்டுத் துப்புரவுப் பணியில் அவர் இறங்க நேர்ந்தது. ராஸின் பெயரைக் கேட்டதும் கொசு நினைவுக்கு வருவோருக்கு, அவருடைய பெங்களூரு நாட்களின் கணிசமான பகுதி பேதியுடன் போராடுவதில் கழிந்தது வியப்பளிக்கலாம். கிணற்று நீருக்கு மாற்றாக ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரும் திட்டமும் அதே 1890-களில் உருப்பெற்றதுதான்.

ஏடனில் சிக்கிய கிருமி

காலராவுக்குக் காரணமான கிருமி 19-ஆம் நூற்றாண்டிலேயே அடையாளம் காணப்பட்டுவிட்டது. ஆனால் சாதாரணப் பயண வயிற்றுப்போக்கின் காரணம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கொல்கத்தாவில் பணியாற்றிய சம்பு நாத் தே 1950-களில் முயலின் குடல் துண்டைக் கட்டி நடத்திய எளிய பரிசோதனைகள் முதல் வெளிச்சத்தைத் தந்தன. காலராக் கிருமி குடலைத் துளைப்பதில்லை, நச்சைச் சுரந்தே நீரை வெளியேற்றுகிறது என்று 1959-இல் அவர் நிறுவினார். குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளும் அதே விளைவை உண்டாக்குவதை அதற்கு முன்பே அவர் கண்டிருந்தார். வாழ்நாளில் உரிய அங்கீகாரம் கிட்டாத இந்திய அறிவியலாளர்களின் வரிசையில் அவரது பெயரும் சேர்ந்தது வருந்தத்தக்கது.

அடுத்த தடயம் ஏடனிலிருந்து வந்தது. அங்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஏற்பட்ட வயிற்றுப்போக்கை ஆராய்ந்த குழு, அவர்களிடம் ஒரு குறிப்பிட்ட ஈ.கோலை வகையைக் கண்டறிந்து 1970-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. அந்தக் கிருமியைக் கையாண்ட ஆய்வகப் பணியாளர் ஒருவரும் அதே நோயில் விழுந்தது, எண்ணாமல் கிடைத்த சான்றாக அமைந்தது. வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்களிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமிகளைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவுகள் 1971-இல் வெளியாகி இதனை உறுதிசெய்தன. குடல் நச்சைச் சுரக்கும் ஈ.கோலை என இன்று அழைக்கப்படும் இக்கிருமியே பயணிகளின் வயிற்றுப்போக்கிற்கு முதன்மைக் காரணம்.

கொதித்தும் அழியாத நச்சு

இக்கிருமி இருவகை நச்சுகளைச் சுரக்கிறது. ஒன்று காலரா நச்சை ஒத்தது, வெப்பத்தில் சிதைந்துவிடும். மற்றொன்று 18 அல்லது 19 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதத் துணுக்கு. மூன்று கந்தகப் பிணைப்புகள் இதனை இறுக்கிக் கட்டியிருப்பதால் கொதிக்கும் வெப்பத்திலும் இது செயலிழப்பதில்லை.

இந்தச் சிறு நச்சு குடலின் உட்சுவர் உயிரணுக்களில் உள்ள 'குவானிலில் சைக்ளேஸ் சி' என்ற ஏற்பியில் சென்று ஒட்டுகிறது. உடனே உயிரணுவுக்குள் சுழல் ஜிஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு பெருகுகிறது. குளோரைடு வெளியேறும் வாயில்கள் திறக்கின்றன. உடலுக்குள் சோடியம் உறிஞ்சப்படுவது தடைபடுகிறது. உப்பு செல்லும் திசையில் நீரும் செல்லும் என்பதால் குடலுக்குள் நீர் கொட்டுகிறது. குடல் சுவரில் புண்ணோ கிழிசலோ இல்லை. உடல் தன் சொந்த இயந்திரத்தாலேயே நீரை இழக்கிறது.

இந்த ஏற்பியைத்தான் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் சந்தியா விஸ்வேஸ்வரய்யாவின் குழு 1990-களிலிருந்து ஆராய்ந்து வருகிறது. இந்த ஏற்பி கிருமிக்காகப் படைக்கப்பட்டதல்ல. குவானிலின், யூரோகுவானிலின் என உடலே சுரக்கும் இரு ஹார்மோன்கள் இதனுடன் இணைந்து குடலின் நீர்ச் சமநிலையைக் காக்கின்றன. அந்த ஹார்மோன்களின் சாயலில் அமைந்த கள்ளச்சாவியே கிருமியின் நச்சு. அசல் சாவியைவிட அது பன்மடங்கு வலுவுடன் பூட்டைத் திறந்துவிடுகிறது.

நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றில் 32 பேருக்கு இளம் வயது முதலே தீராத வயிற்றுப்போக்கு இருந்துவந்தது. அவர்களிடம் எந்தக் கிருமியும் காரணமாக இல்லை. இந்த ஏற்பிக்கான மரபணுவில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றம் அதனை மிகையாக இயங்கச் செய்ததே காரணம் என்று, பெங்களூரு ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு 2012-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டது. அதே ஆண்டில் இதற்கு நேர்மாறான ஒரு பயனும் கிட்டியது. நாள்பட்ட மலச்சிக்கலுக்கான லினாகுளோடைடு என்ற மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. வயிற்றுப்போக்கு நச்சின் அமைப்பைப் பின்பற்றி உருவாக்கப்பட்டது அம்மருந்து.

உயிர் காப்பது உப்பும் சர்க்கரையும்

நச்சு செயல்படும்போதும் குடலின் ஒரு வழி மட்டும் அடைபடுவதில்லை. குளுக்கோஸ் உள்ளே செல்லும்போது சோடியத்தையும் உடன் இழுத்துச் செல்லும் வழி அது. ஓஆர்எஸ் கரைசலின் அடிப்படை இதுவே. 1971-இல் வங்காள எல்லையோரப் பொங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலை வாய்வழியே கொடுக்கத் துணிந்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சமையல் உப்பும் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் 2.9 கிராம் சிட்ரேட்டும் அடங்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கொட்டிக் குடிப்பது பயனளிக்காது. உப்பின் செறிவு கூடி, தீங்கும் விளையலாம்.

ராணுவத்தின் எதிர்பார்ப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வீரர் உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, மறுநாளே பணிக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்கள் 324 பேரிடம் ஆப்கானிஸ்தான், கென்யா உள்ளிட்ட நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஒரே வேளை ஆன்டிபயாடிக் மருந்தைக் குடல் அசைவைக் குறைக்கும் லோபரமைடுடன் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலானோர் ஒரு நாளுக்குள் தேறிவிடுவதை 2017-இல் காட்டியது.

படைமுகாமுக்குப் பொருந்தும் இம்முறையை ஊரெங்கும் பின்பற்றினால் என்னவாகும் என்பதில்தான் சிக்கல். வெளிநாடு சென்று திரும்பிய பின்லாந்துப் பயணிகள் 430 பேரை ஆராய்ந்தபோது, 21 விழுக்காட்டினர் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவைக் குடலில் சுமந்து திரும்பியது தெரிந்தது. வயிற்றுப்போக்கிற்கு ஆன்டிபயாடிக் உட்கொண்டவர்களிடம் இது 37 விழுக்காடு. அதிகம் தொற்றிய பகுதி தெற்காசியா. மருந்துச் சீட்டின்றி நார்ஃபிளாக்சசின் வகை மாத்திரைகளை வாங்கி விழுங்கும் நம்மூர் வழக்கத்தின் விலை இது. அந்த வகை மருந்துகளுக்குத் தெற்காசியாவில் கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் இப்போது பெரிதும் கட்டுப்படுவதில்லை. இதனால் இப்பகுதிக்கு வருவோருக்கு, தேவைப்படும் தருணத்தில் மட்டும், அசித்ரோமைசினே பரிந்துரைக்கப்படுகிறது. இலேசான பாதிப்புக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே பயண மருத்துவ வல்லுநர்களின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

படைகள் நோயைப் பெறுவதோடு நிற்பதில்லை, சுமந்தும் செல்கின்றன. 2010-இல் ஹைட்டியில் வெடித்த காலராவை, ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவு கொண்டுசேர்த்ததாக ஆய்வுகள் காட்டின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர்.

பெங்களூருவும் இந்த அச்சத்திலிருந்து விடுபட்டுவிடவில்லை. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, நகரின் பல பகுதிகள் டேங்கர் லாரி நீரை நம்பியிருந்த வேளையில், ஏப்ரல் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி விடுதி மாணவியர் 47 பேர் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காலராவாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. நோயை நன்கறிந்த மருத்துவ மாணவியரையே நீர் வீழ்த்தியது கவனிக்கத்தக்கது.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல், தொடர் வாந்தி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். இரத்தமும் காய்ச்சலும் இருக்கையில் லோபரமைடை மட்டும் உட்கொள்வது ஆபத்து. சிறு குழந்தைகளுக்கு அதனைக் கொடுக்கவே கூடாது. காலராவுக்கு வாய்வழித் தடுப்பு மருந்துகள் இந்தியாவிலேயே தயாரிக்கப்படுகின்றன. ஏடன் வீரர்களை வீழ்த்திய ஈ.கோலைக்கென்று தனித் தடுப்பூசி ஏதும் இன்னும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. அதன் சிறிய நச்சு, உடலின் சொந்த ஹார்மோனைப் பெரிதும் ஒத்திருப்பது அதற்கான தடைகளுள் ஒன்று. நச்சை எதிர்க்கப் பயிற்றுவிக்கப்படும் நோயெதிர்ப்பு ஆற்றல் ஹார்மோனையும் தாக்கிவிடாதபடி அதனை எவ்வாறு மாற்றியமைப்பது என்பதில் பல நாட்டு ஆய்வகங்கள் ஈடுபட்டுள்ளன.