ஸ்கேன் அறை வரை செல்ல முடிகிறவர்கள் யார்?

புற்றுநோய் சிகிச்சையில் மருத்துவர் எடுக்கும் பல முடிவுகளுக்கு உடலின் உட்புறப் படங்களே அடிப்படை. கட்டி எங்கே உள்ளது, எவ்வளவு பெரியது, வேறு உறுப்புக்குப் பரவியுள்ளதா, மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்பவற்றை அல்ட்ராசவுண்ட், மேமோகிராம், சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்-சி.டி. ஆகியவை காட்டுகின்றன. ஆனால் ஒரே நோய் கண்ட இருவருக்கு ஒரே ஸ்கேன், ஒரே வேகத்தில் கிடைப்பதில்லை. வயது, பாலினம், கல்வி, வருமானம், வசிப்பிடம் ஆகிய மக்கள்தொகைக் காரணிகள் இதில் குறுக்கிடுகின்றன. நம் மாணவர்களின் குடும்பங்களையும் தொடும் செய்தி இது.

மருத்துவம் சார்ந்த வேறுபாடுகள்

எல்லா வேறுபாடும் குறைபாடு அல்ல. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. மேமோகிராமில் அடர்ந்த திசு, கட்டி இரண்டுமே வெண்மையாகத் தெரியும். ஆகவே அவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு இயன்றவரை எக்ஸ் கதிர்ப் படங்கள் தவிர்க்கப்படுகின்றன. குழந்தைகளுக்குக் கதிர்வீச்சின் அளவு குறைக்கப்படுகிறது. சி.டி. படம் தெளிவாக விழுவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்து, சிறுநீரகம் பழுதுபட்ட முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனவே முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இவை நோயாளியின் நலனுக்கானவை.

சூழ்நிலை உண்டாக்கும் வேறுபாடுகள்

தூரத்தையும் வருமானத்தையும் புரிந்துகொள்ள பெட்-சி.டி. நல்ல எடுத்துக்காட்டு. இதற்குப் பெரும்பாலும் ஃபுளோரின்-18 சேர்க்கப்பட்ட, குளுக்கோஸ் போன்ற ஒரு பொருள் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. புற்றுச் செல்கள் பல குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுவதால் அவை படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. ஃபுளோரின்-18இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடங்களே. சைக்ளோட்ரான் கருவியில் தயாரித்த மருந்தை விரைவாகப் பயன்படுத்தியாக வேண்டும். அதனால் இவ்வசதி பெரிய நகரங்களிலேயே மிகுதியாக உள்ளது.

கிராமத்திலிருந்து வருபவர் சில மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும். ஸ்கேன் கட்டணமே இல்லாவிட்டாலும் பயணச் செலவும் இருவரின் அன்றைய கூலியும் போய்விடும். ஸ்கேன் ஒருமுறையோடு முடிவதும் இல்லை. சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் பின்பும் தேவைப்படலாம். முதல் ஸ்கேனுக்கு வந்தவர் அடுத்ததற்கு வராமல் போவதற்கு இதுவே காரணமாகலாம்.

பெண்களுக்குத் தடை இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. தேசிய குடும்பநல ஆய்வு-5இன்படி (2019–21) 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 0.9 சதவீதம். தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். தேசிய சராசரியைவிட நாம் மேலே இருந்தாலும் நூறில் தொண்ணூற்று நான்கு பேர் பரிசோதனைக்கே செல்லவில்லை. கூச்சம், வீட்டு வேலை, செலவு செய்யும் முடிவு தம் கையில் இல்லாமை, வலி இல்லாததால் வரும் அலட்சியம் ஆகியவை அவர்களைத் தாமதிக்க வைக்கின்றன.

கல்வியும் முக்கியக் காரணி. ஆங்கிலத்தில் உள்ள குறிப்புச் சீட்டைப் படிக்க இயலாமல் சாப்பிட்டுவிட்டு வந்தால், ஸ்கேன் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போகலாம். பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தாவிட்டால், கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடினமாகும்.

வகுப்பறையில்

பத்தாம் வகுப்பில் கதிரியக்கம் நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுக்கலாம். மருந்து 110 நிமிடங்களில் பாதியாகவும், 220 நிமிடங்களில் கால் பங்காகவும், 330 நிமிடங்களில் எட்டில் ஒரு பங்காகவும் குறையும். ஐந்தரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஊருக்கு இம்மருந்தை அனுப்புவது ஏன் கடினம் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். மேலுள்ள சதவீதங்களைப் புள்ளியியல் பாடத்தில் பட விளக்கமாக வரையச் செய்யலாம்.

பள்ளியில்

நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களில் பலர் 30 வயதைக் கடந்தவர்கள். அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கும் வயதும் அதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரோ மருத்துவரோ கையால் செய்யும் பரிசோதனையே முதல் படி. சந்தேகம் இருந்தால் மட்டுமே அடுத்து ஸ்கேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஐந்து நிமிடம் விளக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பங்களுக்கு விண்ணப்பிக்கும் முறையை எடுத்துரைக்கலாம். சந்தேகங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணைத் தெரிவிக்கலாம்.

ஒரு மாணவி அடிக்கடி விடுப்பு எடுத்தால், தாயுடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்கிறாளா, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாளா என்று கனிவுடன் தனியாக விசாரியுங்கள். காரணம் தெரிந்தால் அவள் விடுபட்ட பாடங்களுக்கும் அக்குடும்பத்தின் அடுத்த மருத்துவமனைப் பயணத்துக்கும் நம்மால் ஏதேனும் ஏற்பாடு செய்ய முடியும்.