தூது செல்லப் படிப்போம்: வெளியுறவுக் கொள்கை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

திருக்குறளின் பொருட்பாலில் 69-ஆவது அதிகாரம் 'தூது'. எங்கள் சமணக் குடும்பங்களில் குறளை எங்கள் நூல் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. யாருடைய நூலாக இருந்தாலும், வேறு நாட்டு அவையில் போய் நம் நாட்டுக்காகப் பேசுகிறவனுக்கு அன்பும் அறிவும் அளந்து பேசும் திறமும் வேண்டும் என்று தனி அதிகாரமே வகுத்துச் சொன்னது நம் மொழி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே வெளியுறவு என்பது தமிழனுக்குப் புதுச் சரக்கு அல்ல.

ஆனால் நம் ஹடப்சர் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து, "அப்பா, நான் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் எம்.ஏ. பண்ணப் போறேன்" என்றால் வீட்டில் என்ன நடக்கிறது? "அதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்? மகர்பட்டாவில ஐ.டி. கம்பெனி இருக்கே!" என்றுதான் பேச்சு போகிறது. கேட்பதில் தப்பில்லை. பணம் போடுகிறவர் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியுறவுக் கொள்கையும் நம் வீட்டுப் பருப்பும்

நான் பருப்பு வியாபாரி. வெளியுறவு என்றால் என்ன என்பதை என் கடை மூட்டைகளை வைத்தே சொல்லிவிடலாம். நம் நாட்டில் விளையும் துவரை நமக்கே போதுவதில்லை. 2016-இல் மொசாம்பிக் நாட்டோடு இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி, 2020-21-க்குள் இரண்டு லட்சம் டன் வரை பருப்பு வகைகளை வாங்குவது என்பது திட்டம். இட்லிக்குப் போடும் உளுந்து இருக்கிறதே, அது பெருமளவு மியான்மரிலிருந்து வருகிறது. அதற்கும் 2021-இல் ஒப்பந்தம் ஆயிற்று: ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை. அந்த நாட்டில் அதே 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ராணுவ ஆட்சியோடு எப்படிப் பேசுவது, பேசாமலிருந்தால் உளுந்துக்கு எங்கே போவது? இதுதான் வெளியுறவுக் கொள்கை.

வெங்காயமும் அப்படித்தான். 2023 டிசம்பரில் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது; 2024 மே மாதம்தான் திறந்துவிட்டார்கள். இங்கே நாசிக், புணே விவசாயிக்கு விலை விழுந்தது. அங்கே கொழும்பிலும் டாக்காவிலும் விலை ஏறியது. உள்நாட்டுத் தீர்மானம் ஒன்று அண்டை நாட்டின் அடுப்படி வரை போகிறது. இதையெல்லாம் முறையாகக் கற்பதற்குத்தான் பட்டப்படிப்பு.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம்

இந்தப் பட்டம் வாங்கினால் தூதர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு வாசல் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சிவில் சர்வீசஸ் தேர்வு. அதற்கு ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும். பொதுப் பிரிவினருக்கு வயது 21 முதல் 32 வரை, 6 முறை எழுதலாம். முதன்மைத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275. விருப்பப் பாடமாக 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' எடுத்தால் இந்த மேற்படிப்பு உதவும். அவ்வளவுதான் தொடர்பு.

அப்படியானால் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? பேராசிரியர் பணி, பத்திரிகை, ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்கள், ஐ.நா. சார்ந்த அமைப்புகள், அப்புறம் ஆய்வு நிறுவனங்கள். டெல்லியில் 1965-இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 1990-இல் தொடங்கிய அப்சர்வர் ஆய்வு அறக்கட்டளை, மும்பையில் 2009-இல் தொடங்கிய கேட்வே ஹவுஸ் ஆகியவை இவ்வகையின. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் தயங்க வேண்டாம். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். பின்னாளில் மேலே சொன்ன பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்தார். அவர் மகன் ஜெய்சங்கரும் டெல்லியில் வேதியியல் பட்டம் பெற்ற பிறகுதான் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அரசியல் எம்.ஏ.வும் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டமும் பெற்றார். 1977-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், 2015-இல் வெளியுறவுச் செயலாளர், 2019-இல் அமைச்சர்.

எங்கே படிக்கலாம்?

நம் நாட்டில் இத்துறையின் தாய்வீடு 1955-இல் டெல்லி சப்ரு ஹவுஸில் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளி. 1970-இல் அது ஜே.என்.யு.வோடு இணைந்தது. அப்போது அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், அதன் முதல் துணைவேந்தரும் ஆன ஜி. பார்த்தசாரதி, ஐ.நா.வில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்து வந்த தமிழர். 1983-இல் இலங்கைப் பிரச்சினையில் இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்பு சென்றவரும் இவரே. இங்கே கல்விக் கட்டணம் மட்டும் பார்த்தால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். சாப்பாடு, தங்குமிடம் தனி. சேர்க்கைக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். சமீப ஆண்டுகளில் விண்ணப்பம் குளிர்காலத்திலும் தேர்வு மார்ச் மாதத்திலும் வருகின்றன. ஆகவே இளநிலை இறுதியாண்டு தொடங்கும்போதே தயாராக வேண்டும்.

புணேயை விட்டு அனுப்ப மனமில்லாதவர்களுக்கு இங்கேயே சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்தந்திரவியல் துறை இருக்கிறது. சிம்பயாசிஸில் சர்வதேச ஆய்வுப் பள்ளி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பாதுகாப்புத் துறை இருக்கிறது. தாத்தா பாட்டி ஊரில் இருந்தால் அதுவும் ஒரு வசதி.

வெளிநாடு என்றால் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் (1919), பிளெட்சர் (1933), ஜான்ஸ் ஹாப்கின்ஸ் (1943) பள்ளிகள் பெயர் பெற்றவை. பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. இங்கிலாந்தில் ஓராண்டு. சிங்கப்பூரில் இருப்பது நமக்கு நெருக்கமான பெயர்: எஸ். ராஜரத்தினம் சர்வதேச ஆய்வுப் பள்ளி. 1996-இல் வேறு பெயரில் தொடங்கி, 2007-இல் இப்பெயர் பெற்றது. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் 1915-இல் பிறந்த தமிழர். 1965 முதல் 1980 வரை சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். லண்டனில் சட்டம் படிக்கப் போனவர், போர் வந்ததால் பட்டத்தை முடிக்கவில்லை. பட்டம் முடிக்காதவர் பெயரில் இன்று பட்டப்படிப்புப் பள்ளி! பட்டத்தை மதிக்கலாம், ஆனால் அதுவே எல்லாம் என்று மலைக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது.

விண்ணப்பத்தில் என்னென்ன?

வெளிநாட்டுப் பள்ளிகள் பொதுவாகக் கேட்பவை: மதிப்பெண் சான்றுகள், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள், சுயவிவரம், நோக்கக் கட்டுரை. ஜி.ஆர்.இ. தேர்வைப் பல பள்ளிகள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளவும். அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. பல்கலைக்கழகத்தில் ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்க நாளாகும் என்பதால் ஆகஸ்டிலேயே மனுப் போட்டுவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைப் பேராசிரியர் தாமே நேராக அனுப்ப வேண்டும். "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்" என்பது நம்மூர் வழக்கம். அதை நம்பாதீர்கள். பிள்ளையை உண்மையில் அறிந்த சாதாரண விரிவுரையாளரின் கடிதம், அறியாத பெரிய மனிதர் கடிதத்தைவிட மேலானது.

எல்லாவற்றிலும் முக்கியம் நோக்கக் கட்டுரை. இதைக் காசுக்கு எழுதித் தரும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். கண்டுபிடித்தால் விண்ணப்பம் போகும். கண்டுபிடிக்காவிட்டாலும் பிள்ளையின் வாழ்க்கை பொய்யில் தொடங்கும். வாய்மையும் கள்ளாமையும் எங்கள் சமயத்தின் அணுவிரதங்களில் உள்ளவை. இரண்டையும் ஒரே தாளில் மீறக் கூடாது.

"சிறு வயதிலிருந்தே உலக நாடுகள் மீது எனக்கு ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரையைப் படிப்பவர் ஒரு நாளில் ஐம்பது பார்த்திருப்பார். பதிலாக ஒரு கேள்வியோடு போக வேண்டும். உதாரணத்துக்கு, மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் கதி பேசப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். மூட்டை கணக்கைப் போல மனிதக் கணக்கு. 'அந்த மக்களைக் கேட்காமலே இரு அரசுகள் அவர்கள் குடியுரிமையை எப்படிப் பங்கிட்டன?' என்று அந்தப் பெண் கேட்டால், அது அவளால் மட்டுமே கேட்கக் கூடிய கேள்வி. அதற்குத்தான் இடம் கிடைக்கும்.

மறுபக்கம் பார்க்கும் பழக்கம்

நீலகேசி வாதத்துக்குப் போகும் இடமெல்லாம் எதிராளியின் கொள்கையை முதலில் சொல்லவைத்து, பிறகே மறுக்கிறாள். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பதே அநேகாந்தம். வெளியுறவு மாணவனுக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் பற்றி ராமேஸ்வரம் மீனவர் சொல்வது ஒரு பக்கம். ஆனால் நம் இழுவைப் படகுகள் வலையை அடியோடு வாரிக்கொண்டு போகின்றன என்று குறை சொல்கிற யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழரே. போர்க் காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். 2017-இல் இலங்கை இழுவை மடிக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. டெல்லிக்கு ஒரு கணக்கு, கொழும்புக்கு ஒரு கணக்கு. இந்த நான்கையும் கோபப்படாமல் எழுதத் தெரிந்த பிள்ளையைத் தான் எந்தப் பள்ளியும் தேடுகிறது.

இங்கேதான் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. தமிழ் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி. யாழ்ப்பாணப் பத்திரிகையை நேராகப் படிக்கத் தெரிந்த ஆய்வாளருக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பியிருப்பவருக்கும் எவ்வளவு தூரம்! சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புவது பண்பாட்டுக்காக மட்டுமில்லை, தகுதிக்காகவும்தான். தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் நான்கும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஐந்தாவதாக ஒன்று வேண்டுமானால் ரானடே இன்ஸ்டிட்யூட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், ஜப்பானியம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம்

உதவித்தொகை இல்லாமல் அமெரிக்காவில் இரண்டாண்டு என்றால், தங்கும் செலவோடு ஒரு கோடியைத் தொட்டுவிடும். 40 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 54,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 65 லட்சம். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பள்ளிகளில் படிக்கும் உள்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் அரசின் வெளியுறவுத் துறையில் சேருவார்கள். அந்த வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கே. நம் பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. வேலை அனுமதி விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே வீட்டை அடகு வைத்து இந்தப் படிப்புக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

வழி இல்லாமலும் இல்லை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்தபின் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். மும்பையில் 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தொடங்கிய அறக்கட்டளை இன்றும் கடன் உதவித்தொகை தருகிறது. நான் பார்த்த வரையில் நல்ல வரிசை இது: முதலில் இங்கே குறைந்த செலவில் எம்.ஏ., பிறகு இரண்டு வருடம் ஓர் ஆய்வு நிறுவனத்திலோ பத்திரிகையிலோ வேலை, அதன் பின் உதவித்தொகையோடு வெளிநாடு. அப்போது நோக்கக் கட்டுரையில் எழுத விஷயமும் இருக்கும், வீட்டுப் பத்திரமும் பீரோவில் இருக்கும்.

பிழைக்க வந்த ஊரில் நாம் ஒவ்வொருவரும் ஒரு வகையில் தூதர்களே. மராத்தி அண்டைவீட்டாரிடம் தமிழரைப் பற்றியும், ஊருக்குப் போனால் மராத்தியரைப் பற்றியும் நல்லபடியாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை வெளியுறவு படிக்க விரும்பினால் "அதுல என்ன இருக்கு?" என்று தடுக்காதீர்கள். உட்காரவைத்து, "உன் கேள்வி என்னம்மா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் மனுவைப் போடச் சொல்லுங்கள்.