மச்சான் கார்தானேனு சாவியை வாங்குறீங்களா? முதல்ல இன்ஷூரன்ஸ் தேதியைப் பாருங்க!

கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டார் அதிகாலை ரயிலில் தாம்பரத்தில் வந்து இறங்குகிறார்கள். சொல்லிவைத்த வேன் வரவில்லை. ‘துபாய்ல இருக்கிற மச்சானோட கார் வீட்டுல சும்மாதானே நிக்குது, சாவி அத்தைகிட்டதான் இருக்கு’ என்று யாரோ நினைவுபடுத்துகிறார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கவரை உருவி, பேட்டரி எடுக்கிறதா என்று பார்க்கிறார். டயரில் காற்று பார்க்கிறார், பெட்ரோல் பார்க்கிறார். இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

கேட்பதற்கும் கூச்சம். உதவிக்குத் தரும் காருக்கு பேப்பர் கேட்டால் மச்சான் என்ன நினைப்பாரோ!

நம் நாட்டில் வாகன இன்ஷூரன்ஸ் என்பது வண்டியோடு போவது, ஓட்டுபவரோடு அல்ல. வண்டிக்கு பாலிசி இருந்து, ஓட்டுபவரிடம் சரியான லைசென்ஸும் இருந்தால், உரிமையாளரின் அனுமதியோடு யார் ஓட்டினாலும் சாலையில் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தரும். ஆகவே இரவல் கார் ஓட்டுவது தவறே இல்லை. ஆனால், அந்த காருக்கு பாலிசி காலாவதி ஆகியிருந்தால், ‘என் சொந்த காருக்கு ஃபுல் கவர் இருக்கு சார்’ என்று சொல்லிப் பயனில்லை. உங்கள் பாலிசி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு மட்டும்தான்.

அபராதம் சின்ன விஷயம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் தானும் ஓட்டக் கூடாது, மற்றவரை ஓட்டவிடவும் கூடாது என்கிறது. அதாவது சாவியை வாங்கியவர், கொடுத்தவர் இருவர்மீதும் தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 196-வது பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய். சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் டிரைவருக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது. இன்ஷூரன்ஸ் இல்லை என்று அவருக்குத் தெரியாமலும், சந்தேகப்படக் காரணம் இல்லாமலும் இருந்தால் அவர்மீது குற்றம் இல்லை. உறவுக்காக ஓட்டும் தம்பிக்கு இந்தச் சலுகை கிடையாது.

பெரும்பாலானவர்கள் இந்த 2,000 ரூபாயை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, ‘பார்த்துக்கலாம்’ என்கிறார்கள். உண்மையான கணக்கு விபத்து நடந்த பிறகுதான் தொடங்குகிறது.

அந்தத் தம்பி ஓட்டிய கார், பைக்கில் வந்த ஒருவர்மீது மோதி அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இறந்தவருக்கு வயது 32, தனியார் வேலை, மாதம் 20,000 ரூபாய் சம்பளம். வீட்டில் மனைவி, குழந்தை, தாய். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பின்பற்றும் முறையில், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவிகிதம் சேர்ப்பார்கள். 28,000 ஆயிற்று. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். வருடத்துக்கு 2,24,000 ரூபாய். அந்த வயதுக்கு உரிய பெருக்கல் எண் 16. மொத்தம் 35,84,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்றவையும் வட்டியும் தனி.

பாலிசி இருந்தால் இதை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிடும். மரணம், காயத்துக்கான மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. பாலிசி இல்லாவிட்டால்? ஓட்டியவர்தான் முதல் பொறுப்பாளி, அவருக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். ‘ஆளுக்குப் பாதி’ என்று பிரித்துக்கொள்ளவும் முடியாது. பாதிக்கப்பட்ட குடும்பம் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோலக் கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. துபாயில் இருந்தபடி மச்சான் வாங்கிய மனையும், தம்பி கடன் வாங்கிக் கட்டிய வீடும் சேர்ந்தே ஆபத்தில் நிற்கும்.

காரும் கைக்கு வராது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், போதிய உத்தரவாதம் கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது, மூன்று மாதம் ஆன பிறகு ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்ற விதியைக் கொண்டுவரும்படி 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான குற்ற வழக்கு தனியாக நடக்கும். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அது உண்டு.

ஓட்டியவருக்கே ஏதாவது ஆனால்?

இந்தப் பகுதிதான் பலருக்குத் தெரியாதது. வண்டிக்கு பாலிசி இருந்தும் இரவல் ஓட்டியவரின் குடும்பம் தவித்துப்போன வழக்குகள் உண்டு.

கர்நாடகாவில் ஒருவர் இரவல் வாங்கிய பைக்கில் சொந்த ஊருக்குப் போனார். முன்னால் போன மாட்டு வண்டி திடீரென நிற்க, அதில் மோதி இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். அவர் மூன்றாம் நபர் அல்ல’ என்பது 2009-ல் வந்த தீர்ப்பின் சாரம். யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் பிரிவின் கீழ் அவர் குடும்பத்துக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

2020-ல் இதேபோல இன்னொரு வழக்கு. இரவல் பைக்கில் போனவர்மீது வேறொரு பைக் மோதியது. குடும்பத்தினர் மோதிய பைக்கின் உரிமையாளரையும் அதன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும் விட்டுவிட்டு, இரவல் வாங்கிய பைக்கின் நிறுவனத்திடம் மட்டும் இழப்பீடு கேட்டார்கள். கடைசியில், அந்த பாலிசியில் இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டின்படி ஒரு லட்சம் ரூபாய் மட்டுமே கிடைத்தது. இப்போது அந்தக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். ஆனால், பெயரே ‘ஓனர் டிரைவர்’ கவர். ஆர்.சி புக்கில் பெயர் உள்ளவர் ஓட்டும்போதுதான் அது பேசும். மற்றவர்கள் தங்களுக்கென்று தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால்தான் உண்டு.

கல்யாணத்துக்கு அழைத்து வரப்படும் பெரியவர்கள்? மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்த பைக்கின் பின்சீட்டில் வந்தவருக்கு அந்த பாலிசி பொறுப்பாகாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, உறவினர்களை ஏற்றிப் போகும் காருக்கு ‘தேர்ட் பார்ட்டி மட்டுமா, பேக்கேஜ் பாலிசியா’ என்றும் கேட்டுவிடுவது நல்லது.

தெரியாமலே காலாவதி ஆவது எப்படி?

யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. 2018 செப்டம்பர் முதல் புது கார்களுக்கு மூன்று ஆண்டு, புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் பாலிசி ஷோரூமிலேயே கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. வருடா வருடம் புதுப்பிக்கும் பழக்கம் அதோடு விட்டுப்போகிறது. மூன்றாம் வருட முடிவில் வரும் குறுஞ்செய்தி, மாற்றிவிட்ட பழைய எண்ணுக்குப் போகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள், வயதானவர்கள் வீட்டு கார்களில் இது சகஜம்.

செகண்ட் ஹேண்ட் காரில் இன்னொரு சிக்கல். விற்றாயிற்று, பணமும் வாங்கியாயிற்று, ஆர்.சி-யில் பெயர் மாற்றவில்லை. சட்டத்தின் கண்ணில் ஆர்.சி-யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர். பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவில் பெயர் இருந்த முதல் ஆளையே 2018-ல் உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது. எப்போதோ விற்ற காரை யாரோ யாரிடமோ இரவல் வாங்கி ஓட்டினாலும், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரலாம்.

சாவி கொடுப்பவர் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு, வாங்குபவரின் லைசென்ஸ். அது இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்றால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமே வசூலிக்க வரும். பதினெட்டு வயது ஆகாத பையனிடம் கொடுத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓர் ஆண்டு வண்டியின் பதிவு ரத்து.

மச்சானிடம் பேப்பர் கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டிவிடும். முடிந்திருந்தால் துபாயிலிருந்தே அவர் ஆன்லைனில் புதுப்பிக்கலாம். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் வரி நீங்கலாக 3,416 ரூபாய். சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்ததும், பாலிசி எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். பணம் கட்டிய நிமிடத்தில் அல்ல, அதில் போட்டிருக்கும் நேரத்திலிருந்துதான் பாதுகாப்பு. அது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதாக இருந்து, ரயில் அதற்கு முன்பே வந்துவிடும் என்றால், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவும் டாக்ஸியும் எப்போதும் நிற்கும்.