‘தோஸ்த்’ வண்டியின் கதை

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை என்று ஓர் ஊர். ஊராரின் ஆடு மாடுகள் மேய்ந்து வந்த காட்டு நிலத்தில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் போராடியது பலருக்கு நினைவிருக்கும். பிரான்ஸ் தேசத்து மிச்செலின் கம்பெனி இங்கே லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ராட்சத டயர்களைச் செய்து அனுப்புகிறது. ஆனால் இந்தப் பேட்டைச் சாலையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பெரிய லாரிகளுக்கு நடுவே ஒரு சின்ன வண்டி புகுந்து புறப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கேன், காய்கறி மூட்டை, இரும்புச் சாமான் எதுவானாலும் அதன் முதுகில்தான். அந்த ஜாதி வண்டிகளில் நம் ஹோசூரில் பிறந்த ஒன்றுதான் ‘தோஸ்த்’.

‘தோஸ்து’ என்றால் சிநேகிதன் என்று சென்னைவாசிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து, அங்கிருந்து நம் சென்னைப் பேச்சிலும் கலந்துவிட்ட சொல். வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படுவது கஷ்டம்.

மறந்துபோன மூத்த சகோதரர்

தமிழ்நாட்டில் இத்தகைய சிறு வண்டி செய்தவர்களில் தோஸ்த் முதல்வரல்ல. சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்’ கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் என்றால் வயதானவர்கள் முகம் மலரும். அதே கம்பெனி ஒரு வேனும் செய்தது. இங்கிலாந்தில் 1958-ல் ‘அட்லஸ்’ என்ற பெயரில் வெளிவந்த வண்டி அது. வெறும் 948 சி.சி. எஞ்சின்; வானத்தைத் தோளில் சுமக்கும் அட்லஸின் பெயரை இதற்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம்தான்! பிற்பாடு லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டை விலைக்கு வாங்கவே, வேனுக்குப் பெரிய எஞ்சினும் ‘லேலண்டு 20’ என்ற பெயரும் கிடைத்தன. நம் ஊரில் அது ‘ஸ்டாண்டர்டு 20’. 1970களின் பிற்பாதியில், ‘கஜெல்’ கார் நின்றுபோன பிறகு, சில வருஷங்கள் இந்த வேனை நம்பித்தான் கம்பெனியே நடந்தது. 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரை வெளியிட்டார்கள். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். 1988-ல் உற்பத்தி நின்றது. சாதுவான வேனைப் பற்றி அப்புறம் யார் கவலைப்பட்டார்கள்?

எண்ணூரில் இருந்த அசோக் லேலண்டுக்கோ சின்ன வண்டியில் நாட்டமில்லை. 1948-ல் ரகுநந்தன் சரண் ஆரம்பித்த ‘அசோக் மோட்டார்ஸ்’ முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. 1955-ல் லேலண்டு கூட்டுச் சேர்ந்ததும் பெயர் மாறியது. பஸ், லாரி என்று பெரிய சங்கதிகளிலேயே கவனம் நிலைத்துவிட்டது.

குட்டி யானை வந்தது

எல்லாரையும் உலுக்கியது 2005-ல் டாட்டா கம்பெனி வெளியிட்ட ‘ஏஸ்’. இரண்டே சிலிண்டர், முக்கால் டன் சுமை. மூன்று சக்கர வண்டி ஓட்டியவர்களிடம் நேரில் போய் விசாரித்து வடிவமைத்தார்கள். நாலு சக்கர வண்டி வைத்திருந்தால் ஊரில் பெண் கொடுப்பார்கள் என்று அப்போது ஒருவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. தமிழ்நாடு அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டிவிட்டது. நாற்கரச் சாலைகளில் பெரிய லாரிகள் பறக்க ஆரம்பித்த காலம். பகலில் நகரத்துக்குள் அவற்றுக்குத் தடை. சரக்கை ஊருக்கு வெளியே இறக்கினால், சந்து பொந்துகளுக்குக் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டுமே!

அசோக் லேலண்டும் விழித்துக்கொண்டது. ஜப்பானின் நிஸ்ஸானுடன் 2007-ல் கை குலுக்கி, மறு வருஷம் மூன்று கூட்டுக் கம்பெனிகளை ஏற்படுத்தியது. அதே 2008-ல் உலகமெங்கும் வியாபார மந்தம். தனித் தொழிற்சாலை யோசனையைத் தள்ளிப்போட்டு, ஹோசூர்த் தொழிற்சாலையிலேயே வண்டியைச் செய்யத் தீர்மானித்தார்கள். அடிப்படை, 1980களில் ஜப்பான் செய்த நிஸ்ஸான் ‘வானெட்’. 2011-ல் தோஸ்த் வெளிவந்தது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், 55 குதிரைச் சக்தி, சுமை 1¼ டன். முக்கால் டன்னுக்கு மேல் ஏற்றவேண்டியவன், பெரிய வண்டி வாங்க வசதியில்லாதவன், இருவருக்கும் இது தோதாக அமைந்தது.

இந்த ‘1¼ டன்’ விஷயத்தில்தான் வம்பு. வண்டிக்காரருக்கு மாதத் தவணை நிலையானது. வாடகையோ நடைக்கு இவ்வளவு என்று பேசியது. இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் கொண்டுபோனால் டீசல் மிச்சம். ஆகவே பின்பக்க வில் பட்டை நிமிர்ந்துபோகும்வரை ஏற்றுகிறார்கள். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளுகிறது, டயர் சூடேறுகிறது. சரக்குக்காரர் இதையெல்லாம் கேட்பதில்லை.

கூட்டாளிகள் பிரிந்த கதை

சிநேகிதன் பெயரிட்ட வண்டியைச் செய்தவர்களின் சிநேகிதம் நிலைக்கவில்லை. இவர்கள் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ‘ஸ்டைல்’ என்ற பிரயாணிகள் வேன் எடுபடாமல் இரண்டு வருஷத்தில் நின்றது. வழக்கு சென்னை ஐகோர்ட்டு வரை போயிற்று. கடைசியில் 2016-ல் நிஸ்ஸானின் பங்குகளை அசோக் லேலண்டே வாங்கிக்கொண்டது. கடன் வாங்கி வண்டி எடுத்த சாமானியனுக்கு இது சாதாரணச் செய்தியல்ல. வண்டி நின்றுபோனால் உதிரி பாகத்துக்கு எங்கே போவது? பழையதை விற்றால் யார் வாங்குவார்கள்? நல்லவேளை, லைசென்சு ஏற்பாட்டின் பேரில் தோஸ்த் உற்பத்தி தொடர்ந்தது. 2020-ல் கம்பெனி தன் சொந்த அமைப்பிலேயே ‘படா தோஸ்த்’ என்று இன்னொன்றை இறக்கியது. இதற்கு 80 குதிரைச் சக்தி.

ஓட்டுபவர்களின் இன்னொரு தலைவலியும் தீர்ந்தது. கார் ஓட்டும் லைசென்சை வைத்துக்கொண்டு இத்தகைய சரக்கு வண்டியை ஓட்டலாமா என்று விபத்து வழக்குகளில் இன்ஷூரன்சு கம்பெனிகள் வாதாடி வந்தன. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொன்னது. ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு 2024 நவம்பரில் அதையே உறுதி செய்தது. தோஸ்த் அந்த வரம்புக்கு வெகு கீழே.

தேர்வாய் கண்டிகையில் உருளும் ராட்சத டயர் எதுவும் இந்தச் சின்ன வண்டிக்குப் பொருந்தாது. அதன் டயர் தேய்ந்தால் வண்டிக்காரர் வேறு கடைக்குத்தான் போகவேண்டும்.