9 ஆட்டம் ஜெயித்தார், ஆனாலும் "கல்தா"!

அமெரிக்காவில் லிங்கன் என்று ஒரு நகரம். 2003-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந் தேதி, சனிக்கிழமை. அன்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளருக்கு வேலை போயிற்று.

அவர் என்ன குற்றம் செய்தார்? பணத்தைச் சுருட்டினாரா? இல்லை. மாணவர்களை அடித்தாரா? அதுவும் இல்லை. அந்த ஆண்டு 12 பந்தயங்கள் ஆடி, 9 பந்தயங்களில் ஜெயித்திருந்தார். முதல் நாள்தான் கொலராடோ கோஷ்டியை 31—22 என்று தோற்கடித்துவிட்டு வந்தார். மறுநாள் கையில் சீட்டைக் கொடுத்து விட்டார்கள்.

அவர் பெயர் பிராங்க் சோலிச்.

நூற்றுக்கு 75 மார்க் வாங்கிய பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்துவது உண்டா? இங்கே துரத்தினார்கள். "கோஷ்டி நடுத்தரமாகிவிடக் கூடாது" என்பதுதான் பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரி சொன்ன காரணம்.

இந்தக் கதையைச் சொல்லுமுன், அந்த ஊரையும் அந்த ஆட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

சோளம் உரிப்பவர்கள்

லிங்கன் நகரம் நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகர். மாநிலம் முழுவதும் சோளக் கொல்லையும் மாட்டுப் பண்ணையும்தான். மொத்த ஜனத்தொகை சுமார் 20 லட்சம். பல்கலைக்கழகக் கோஷ்டிக்குப் பெயரே "சோளம் உரிப்பவர்கள்" என்பதுதான்!

அவர்கள் ஆடும் கால்பந்து நாம் பார்க்கிற கால்பந்து அல்ல. மட்டை உரித்த தேங்காய் போன்ற நீள் உருண்டைப் பந்து. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்; கையால் எறிவார்கள். எதிரிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். தலையில் கவசம், தோளில் மெத்தை. பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்கு. எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளி. அதன் பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 1 புள்ளி. உதைக்காமல், மறுபடியும் எல்லையைக் கடக்க முயலலாம். கடந்தால் 2 புள்ளி.

இந்த ஒன்றா, இரண்டா என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய சங்கதி வருகிறது.

அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய கோஷ்டிகள் பல உண்டு. நியூயார்க், சிகாகோ, டல்லாஸ் என்று ஊருக்கு ஒன்று. நெப்ராஸ்காவில் அப்படி ஒரு கோஷ்டியும் கிடையாது. இருப்பது இந்தப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். எனவே விவசாயி, கடைக்காரர், டாக்டர், பள்ளிக்கூட ஆசிரியை எல்லாருக்கும் அதுதான் சொந்தக் கோஷ்டி. சனிக்கிழமை பந்தயம் என்றால், மேற்கு எல்லையில் இருப்பவர்கள் ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லாரும் சிவப்புச் சட்டை. 85 ஆயிரம் பேர் கூடும் மைதானம் நிரம்பினால், அன்றைக்கு அந்த மாநிலத்தின் மூன்றாவது பெரிய "நகரம்" அந்த மைதானம்தான்!

1962 நவம்பர் முதல் அங்கே டிக்கெட் மிஞ்சியதே இல்லை என்பது அவர்கள் கணக்கு. 400 பந்தயத்துக்கு மேல் ஆகிவிட்டது. (2020-ல் கொரோனாவினால் ஆளில்லாமல் ஆடியதைச் சேர்ப்பதில்லை.) 2023 ஆகஸ்டில் அதே மைதானத்தில் பெண்கள் கைப்பந்துப் பந்தயம் வைத்தார்கள். அதற்கும் 92,003 பேர் வந்தார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம் கூடியது உலக சாதனை என்றார்கள்.

இன்னொரு நல்ல வழக்கம். எதிர்க் கோஷ்டி ஆடி முடித்து வெளியே போகும்போது, இவர்கள் எழுந்து கை தட்டி அனுப்புகிறார்கள். ஜெயித்தாலும் தட்டுகிறார்கள், தோற்றாலும் தட்டுகிறார்கள்.

இவ்வளவு நல்லவர்களா, 9 பந்தயம் ஜெயித்தவரைத் துரத்தினார்கள்?

ஆசை எப்படி வளர்ந்தது?

1962-க்கு முன்னால் சில ஆண்டுகளாக நெப்ராஸ்கா கோஷ்டியை யாரும் சட்டை செய்ததில்லை. 1956 முதல் 1961 வரை ஆறு ஆண்டுகளும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அப்போதுதான் வயோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து பாப் டெவனி வந்தார். வந்த ஆண்டே 11-ல் 9 ஜெயித்தார். ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

தூக்கி வைத்த ஊர், 1967-ல் முகத்தைச் சுளித்தது. அந்த ஆண்டு 10-ல் 6தான் வெற்றி. 1968-லும் அதேதான். அதிலும் கடைசி ஆட்டத்தில் ஒக்லஹோமா கோஷ்டியிடம் 47—0 என்று சுருண்டார்கள். முணுமுணுப்புக் கிளம்பியது.

பல்கலைக்கழகம் டெவனியைக் கைவிடவில்லை. அவர் ஆட்ட முறையை மாற்றினார். பாய்ட் எப்ளி என்ற இளைஞரைச் சம்பளத்துக்கு வைத்து, பையன்களை எடை தூக்க வைத்தார். கால்பந்துக்காரன் எடை தூக்கினால் உடம்பு இறுகி, ஓட முடியாமல் போகும் என்று மற்றவர்கள் நம்பிய காலம் அது! 1970-ல் நெப்ராஸ்கா நாட்டுக்கே சாம்பியன். 1971-ல் மறுபடியும் சாம்பியன்.

1968-ல் டெவனியை அனுப்பியிருந்தால்?

21 ஆண்டு பொறுத்தார்கள்

டெவனிக்குப் பிறகு 1973-ல் அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்பர்ன் வந்தார். அமைதியான மனிதர். 25 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார். ஒரு ஆண்டில்கூட 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை. மொத்தம் 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமம்.

ஆனால் முதல் 21 ஆண்டுகளில் அவர் ஒரு தடவைகூட சாம்பியன் ஆகவில்லை. முதல் ஐந்து ஆண்டும் ஒக்லஹோமாவிடம் வரிசையாகத் தோற்றார். "பெரிய ஆட்டம் என்றால் இவர் ஜெயிக்க மாட்டார்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

1984 ஜனவரி 2-ந் தேதி வந்தது அந்தப் பெரிய ஆட்டம். இடம் மயாமி. எதிரியும் மயாமி பல்கலைக்கழகம்தான். அதற்கு முன் ஆடிய 12 பந்தயங்களிலும் நெப்ராஸ்கா ஜெயித்திருந்தது. நாட்டில் முதல் இடம். அன்றைக்கு மட்டும் பின்தங்கிவிட்டது. கடைசிக் கட்டத்தில் ஓடிப் பிடித்து, இன்னும் 48 வினாடி இருக்கும்போது எல்லையைக் கடந்து 6 புள்ளி எடுத்தது. மயாமி 31, நெப்ராஸ்கா 30.

ஒரு உதை உதைத்தால் 31—31. சமம். அந்தக் காலத்தில் சமநிலை வந்தால் கூடுதல் நேரம் கிடையாது. ஆட்டம் அதோடு முடிந்துவிடும். தோல்வியே காணாத கோஷ்டி என்பதால், சமமானாலும் சாம்பியன் பட்டம் அநேகமாக இவர்களுக்குத்தான்.

ஆஸ்பர்ன் உதைக்கச் சொல்லவில்லை. ஜெயிக்க வந்தோம், சமம் செய்ய வரவில்லை என்று நினைத்தார். இரண்டு புள்ளிக்கு முயலச் சொன்னார். பந்தை எறிந்தார்கள். மயாமி ஆள் ஒருவன் கையை நீட்டித் தட்டிவிட்டான். பந்து கீழே விழுந்தது. பட்டமும் போயிற்று.

ஊருக்குத் திரும்பினால் உதைதான் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. வருத்தப்பட்டார்கள், ஆனாலும் அந்த மனிதரைக் குறைத்துப் பேசவில்லை. இன்றுவரை அந்த ஒரு முடிவுக்காகவே அவரை மதிக்கிறவர்கள் உண்டு.

11 ஆண்டு கழித்து, 1995 ஜனவரி 1-ந் தேதி, அதே மைதானத்தில், அதே மயாமியை 24—17 என்று வென்று ஆஸ்பர்ன் சாம்பியன் ஆனார். மறு ஆண்டும் சாம்பியன். 1997-ல் மிச்சிகனோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டு ஓய்வு பெற்றார். பிறகு தேர்தலில் நின்று அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குப் போனார் என்றால், செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

வந்தது வினை

பிராங்க் சோலிச் புதிய ஆள் அல்ல. 1960-களில் டெவனியிடம் ஆடிய மாணவர். பிறகு ஆஸ்பர்னிடம் 19 ஆண்டு உதவியாளர். 1998-ல் நாற்காலியில் உட்கார்ந்தார். 1999-ல் 13-ல் 12 வெற்றி. 2001-ல் சாம்பியன் பட்ட ஆட்டம் வரைக்கும் போய் மயாமியிடம் தோற்றார். 2002-ல் சறுக்கினார்: 7 வெற்றி, 7 தோல்வி. உதவியாளர்களை மாற்றி, 2003-ல் மறுபடி 9 ஜெயித்தார். அப்போதுதான் மேலே சொன்ன கல்தா.

அவர் செய்த தவறு ஒன்றுதான். ஆஸ்பர்னுக்கு அடுத்தபடி வந்தார்! 1994-லிருந்து 1997 வரை நான்கு ஆண்டில் மூன்று பட்டம். அந்த ருசி நாக்கில் இருக்கும்போது 9 வெற்றி கசந்தது. அதே 9 வெற்றியை ஆஸ்பர்ன் தந்தபோது அது இனித்தது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

புதிய பயிற்சியாளரைத் தேட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பில் கல்லஹான் வந்தார். முதல் ஆண்டே 5 வெற்றி, 6 தோல்வி. டெக்சாஸ் டெக் கோஷ்டியிடம் 70—10! 1961-க்குப் பிறகு அப்படி ஒரு ஆண்டை நெப்ராஸ்கா பார்த்ததில்லை. 2007-ல் விளையாட்டு அதிகாரிக்கும் சீட்டுக் கிழிந்தது, கல்லஹானுக்கும் கிழிந்தது.

அடுத்து போ பெலினி. ஏழு ஆண்டும், ஆண்டுக்கு 9 அல்லது 10 வெற்றி. அவரையும் 2014-ல் அனுப்பினார்கள். இதில் ரசிகர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சின்னக் கோஷ்டிகளை ஜெயிப்பார். முக்கியமான நாளில் மூக்கறுபடுவார். 2012-ல் விஸ்கான்சினிடம் 70—31. 2014-ல் அதே விஸ்கான்சினிடம் 59—24. கை தட்டிப் பழகியவர்களுக்கும் கை வலிக்காதா? ஆனால், பெலினியை அனுப்பிவிட்டு யாரைக் கொண்டுவரப் போகிறோம் என்று யோசித்தவர்கள் குறைவு. வந்த மைக் ரைலி மூன்று ஆண்டில் 19 வெற்றி, 19 தோல்வி.

மண்ணின் மைந்தன்

2017 டிசம்பரில் ஊரே கொண்டாடியது. ஸ்காட் பிராஸ்ட் வருகிறார்! நெப்ராஸ்காவிலேயே பிறந்தவர். 1997-ல் பட்டம் வாங்கிய கோஷ்டியின் முன்னணி ஆட்டக்காரர். அந்த ஆண்டு புளோரிடாவில் ஒரு கோஷ்டியைப் பழக்கி, ஒரு தோல்வியும் இல்லாமல் ஆக்கியிருந்தார். ஏழு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டாலர் ஒப்பந்தம்.

நம்ம பிள்ளை கைவிடுவானா என்றார்கள். 2021-ல் 12-ல் 9 தோல்வி. அதில் ஒன்றுகூட 9 புள்ளிக்கு மேற்பட்ட தோல்வி அல்ல! எல்லாம் மயிரிழையில். ரசிகனை இப்படி வதைப்பதைவிட, ஒரேயடியாகத் தோற்பது மேல்.

2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் கோஷ்டியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றதும் பிராஸ்டை நீக்கினார்கள். அப்போது அவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலர். அக்டோபர் 1-ந் தேதி வரை பொறுத்திருந்தால் அதில் பாதிதான். மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. 75 லட்சம் டாலர் கூடுதலாகப் போயிற்று.

நான் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்களைக் கேலி செய்யவில்லை. வெகு தூரத்திலிருந்து இந்தக் கோஷ்டியின் புள்ளிகளைப் பார்த்து நானும் முனகியவன்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எடை தூக்கும் வித்தையை இன்று எல்லாக் கோஷ்டியும் கற்றுக்கொண்டுவிட்டது. சோளக் கொல்லை மாநிலத்தில் பையன்கள் குறைவு. டெக்சாஸ், புளோரிடா, கலிபோர்னியாவிலிருந்து அழைத்து வர வேண்டும். 2011-ல் நெப்ராஸ்கா "பிக் டென்" என்ற வேறு கூட்டத்தில் சேர்ந்ததால், டெக்சாஸ் தொடர்பும் குறைந்தது. 2021 முதல் ஆட்டக்கார மாணவர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. பணமுள்ள இடத்துக்குப் பையன் போகிறான். பயிற்சியாளரை மாற்றினால் இதெல்லாம் மாறுமா?

2022 கடைசியில் மாட் ரூல் வந்தார். எட்டு ஆண்டுக்கு 7 கோடியே 40 லட்சம் டாலர். 2023-ல் 5 வெற்றி, 7 தோல்வி. 2024-ல் 7 வெற்றி, 6 தோல்வி. அந்த 7 வெற்றிக்கே ஊர் மகிழ்ந்தது. 9 வெற்றி போதாது என்று சொன்ன அதே ஊர்!

சோலிச் என்ன ஆனார்? அவர் 2005-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். கால்பந்தில் பேர் இல்லாத இடம். அங்கே 16 பருவங்கள் இருந்து 115 வெற்றி பெற்றார். அந்தக் கூட்டத்தின் சரித்திரத்தில் அவ்வளவு ஜெயித்தவர் வேறு யாரும் இல்லை. அத்தனை ஆண்டும் நெப்ராஸ்கா மைதானத்தின் பக்கம் அவர் தலைகாட்டவில்லை.

2023 ஏப்ரலில் மாட் ரூல் அவரை அழைத்தார். வேனிற்கால ஒத்திகை ஆட்டத்தைப் பார்க்கச் சோலிச் வந்தார். அப்போது அவருக்கு வயது 78. கல்தா கொடுத்து ஏறக்குறைய 20 ஆண்டு. மைதானத்தில் அவரை நிறுத்திக் கௌரவித்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் கை தட்டினார்கள்.