கடை எழும்புமுன் குழாய் இறங்கட்டும்!



ஊர் நடுவே இருக்கும் பழைய கடைவீதிகள் நெரிசலில் திணறுகின்றன. லாரி உள்ளே வர முடிவதில்லை. சரக்கு இறக்கவும் நேரக் கட்டுப்பாடு. ஆகவே புறநகரில் புதிய அங்காடி, புதிய வணிக வளாகம் என்று ஊருக்கு ஊர் பேச்சு நடக்கிறது. அரசு கட்டித் தருவதும் உண்டு. தனியார் கட்டி விற்பதும் உண்டு. நம் வணிகர்களே கூட்டாக நிலம் வாங்கிக் கட்டுவதும் உண்டு.

இப்படி ஒரு வாய்ப்பு வரும்போது நாம் என்ன கேட்கிறோம்? சதுர அடி என்ன விலை, கடை எத்தனை அடி அகலம், மூலைக்கடை கிடைக்குமா, லாரி திரும்ப இடம் உண்டா என்று கேட்கிறோம். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் "தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?" என்று முன்பணம் கொடுக்கும் முன் கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். பூமிக்கு மேலே தெரிவதை நாம் பார்க்கிறோம். பூமிக்கு அடியில் புதைப்பதைப் பார்க்கத் தவறுகிறோம்.

நாங்கள் பட்ட பாடு

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நாங்கள் சிலர் புறநகர் வளாகம் ஒன்றில் கிட்டங்கி வாங்கினோம். அகலமான சாலை, வரிசையான ஷட்டர்கள், வாசலில் வளைவு எல்லாம் இருந்தன. திறப்பு விழாவும் சிறப்பாக நடந்தது. அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. மொத்த வளாகத்துக்கும் ஒரே ஆழ்குழாய்க் கிணறு. அதிலும் உப்புத் தண்ணீர். குழாய் முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசையில் முட்டி நின்றது. முதல் வரிசைக்காரர் தொட்டி நிரம்பி வழியும். கடைசி வரிசையில் காற்றுதான் வரும்.

தண்ணீர்க் குழாயை மாற்றச் சாலையை ஒரு முறை வெட்டினார்கள். கழிவுநீருக்கு இரண்டாம் முறை, மின்கேபிளுக்கு மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் மேலே மேலே சாலை போட்டதில் கடை வாசலைவிடச் சாலை உயர்ந்துவிட்டது. அடுத்து வந்த ஐப்பசி மழையில் தண்ணீர் கிட்டங்கிக்குள் புகுந்தது. துவரம்பருப்பு, சர்க்கரை மூட்டைகளில் அடிவரிசை முழுவதும் பாழ். முதல் கோணல் முற்றும் கோணல் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

கோயம்பேடு சொல்லும் பாடம்

சென்னையில் கொத்தவால்சாவடியில் நடந்துகொண்டிருந்த காய், கனி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த அந்த வளாகத்தின் மொத்தப் பரப்பு 295 ஏக்கர். காய், கனி, பூ அங்காடிகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். ஜார்ஜ் டவுன் சந்துகளில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டியவர்களுக்கு அது பெரிய விடுதலை. தனித்தனித் தெருவாக இல்லாமல் ஓர் அங்காடியையே ஒரு சிற்றூர் போலத் திட்டமிட வேண்டும் என்பதை அது காட்டியது.

கூடவே இன்னொன்றையும் காட்டியது. காய்கறி வியாபாரம் என்றால் தோல், தழை, அழுகல் என்று நாள்தோறும் டன் கணக்கில் கழிவு சேரும். அது வடிகாலில் விழுந்தால் எவ்வளவு அகலமான வடிகாலும் அடைத்துக்கொள்ளும். கட்டுவது ஒரு பங்கு வேலை என்றால், தினமும் துப்புரவாக வைத்துப் பராமரிப்பது இரண்டு பங்கு வேலை.

2020 மே மாதம் கொரோனா பரவியபோது கோயம்பேடு அங்காடி மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனது. அவசரத்தில் திறந்த வெளியில் போட்ட கடைகள் அவை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மழை பெய்தபோது அந்த இடம் சேறும் தண்ணீருமாகிச் சரக்கு வீணாயிற்று. கூரையும் கடையும் மட்டும் இருந்தால் அங்காடி ஆகாது, தண்ணீர் வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கணக்கு நமக்குக் கைவந்த கலை. இதையும் போட்டுப் பார்ப்போம். அலுவலகங்களில் வேலை செய்யும் ஆள் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 45 லிட்டர், உணவகத்தில் ஓர் இருக்கைக்கு 70 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ள அளவு. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 200 கடை, கடைக்கு 4 பேர் என்றால் 800 பேர். அவர்களுக்கு 36,000 லிட்டர். 40 இருக்கை உள்ள உணவகம் மூன்று என்றால் 8,400 லிட்டர். ஆக 44,400 லிட்டர். சரக்கு வாங்க வருவோர், சுமைதூக்கும் தொழிலாளர், லாரி ஓட்டுநர் பயன்படுத்துவதும், தளம் கழுவுவதும் இதற்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் வாங்குவதானால் தினமும் நான்கு லாரிக்குக் குறையாது. அந்தச் செலவு மாதாமாதம் யார் தலையில் விழும்? நம் பராமரிப்புக் கட்டணத்தில்தான்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். எனவே ஒரே கிணற்றையோ லாரியையோ நம்பிய வளாகம் உறுதியான வளாகம் அல்ல. உள்ளாட்சியின் குடிநீர் இணைப்பு, நிலத்தடி நீர், மழைநீர் சேமிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். கழிப்பறைக்கும் தளம் கழுவவும் சுத்திகரித்த நீர் போதும். அதற்குத் தனிக்குழாயைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் குடிநீர்ச் செலவு மிச்சம்.

குழாயில் கவனிக்க வேண்டியவை

குழாயின் அளவில் சிக்கனம் பார்ப்பது பெரும் தவறு. 4 அங்குலக் குழாய்க்குப் பதில் 8 அங்குலக் குழாய் போட்டால் இரண்டு மடங்கு தண்ணீர்தான் வரும் என்று நினைக்கிறோம். அதே அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு வரும். பள்ளம் தோண்டும் கூலியோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாளைக்குக் கடைகள் இரட்டிப்பானாலும் தாங்கும்.

குழாய் ஒரு முனையில் முட்டி நிற்காமல் வளாகத்தைச் சுற்றி வளையமாக வந்து சேர வேண்டும். அப்போது கடைசிக் கடைக்கும் இரண்டு பக்கமிருந்து தண்ணீர் வரும். இடையிடையே வால்வு இருந்தால், ஓர் இடத்தில் உடைப்பு ஏற்பட்டாலும் அந்தப் பகுதியை மட்டும் அடைத்துவிட்டுப் பழுது பார்க்கலாம்.

தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் படுக்கக் கூடாது. குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றை ஒன்று குறுக்கிடும் இடத்தில் தண்ணீர்க் குழாய் மேலே இருக்க வேண்டும். காரணம் எளிது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. வராத நேரத்தில் குழாய் வெறுமையாகி, பழுதுபட்ட இணைப்பு வழியே வெளியில் உள்ளதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று தீ. சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், வற்றல் மிளகாய், தீப்பெட்டி என்று நம் கிட்டங்கியில் இருப்பதெல்லாம் பற்றக்கூடியவை. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பிடிக்கக் குழாய்முனை எங்கே, தீக்கென ஒதுக்கிய நீர் எந்தத் தொட்டியில் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அந்தத் தொட்டி நீரை மற்ற வேலைக்கு எடுக்கக் கூடாது.

கழிவுநீரும் மழைநீரும்

அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் மேட்டிலும் ஏறும். கழிவுநீர் சரிவில்தான் ஓடும். ஆகவே நிலத்தின் மட்டம் பார்த்துக் கழிவுநீர்க் குழாயை முதலில் போட வேண்டும். அதுதான் ஆழத்தில் இருப்பது. அடுத்து மழைநீர் வடிகால், தண்ணீர்க் குழாய், மின்கேபிள், தொலைத்தொடர்புக் கேபிள். எல்லாம் முடிந்த பின்புதான் சாலை. சாலையின் குறுக்கே ஆங்காங்கே வெற்றுக் குழாய்களைப் புதைத்து வைத்தால், பின்னாளில் கேபிள் இழுக்கச் சாலையை உடைக்க வேண்டியதில்லை.

மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. இரண்டையும் சேர்த்துவிட்டால் மழை நாளில் கழிவுநீர் கடைக்குள் வரும். 10 ஏக்கர் வளாகத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 40 லட்சம் லிட்டர். கான்கிரீட்டும் தாரும் போட்ட தரையில் அது பூமிக்குள் இறங்காது. அதை வெளியே கொண்டுபோகும் வடிகால் எந்த ஏரியில், எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும். வளாகச் சுவரோடு வடிகால் முடிந்தால் அது வடிகால் அல்ல, தொட்டி. வளாகம் இருக்கும் இடமே பழைய ஏரி உள்வாயா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரிப்பதும் நல்லது.

சட்டம் நம் பக்கம்

‘ரெரா’ என்று சொல்லப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளுக்கு மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். கடைக்கும் கிட்டங்கிக்கும் அது பொருந்தும். பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். கடையை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்து நாம் எடுத்துச் சொன்னால், கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சரி செய்ய வேண்டும். அதற்கு ஒப்பந்தத்தில் வசதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "தண்ணீர் வசதி உண்டு" என்று பொதுவாக எழுதினால் போதாது. எத்தனை லிட்டர், எந்த அளவுக் குழாய், எத்தனை தொட்டி என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

முன்பணத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. தண்ணீர், கழிவுநீர், மழைநீர், மின்சாரம் நான்கின் வரைபடங்களும் எங்கே? அதிகாரிகளின் ஒப்புதல் உண்டா?

2. கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கை எங்கே? கோடையில் எவ்வளவு நீர் கிடைக்கும்?

3. கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேருமா, வளாகத்திலேயே சுத்திகரிப்பா?

4. கடையின் தளம் சாலையைவிட எவ்வளவு உயரம்?

5. தீயணைப்புக்கு எவ்வளவு நீர் ஒதுக்கியிருக்கிறார்கள்?

6. பராமரிப்பு யார் பொறுப்பு? கட்டணம் எவ்வளவு?

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பையில் உள்ள பணம் பையிலேயே இருக்கட்டும்.

வரைபடம் போடும்போதே நம்மைக் கலந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதும் அவசியம். திருச்சி காந்தி சந்தைக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் 2017இல் திறந்த அங்காடிக்கு, கடை சிறியது, தொலைவு அதிகம் என்று வியாபாரிகள் போகவில்லை. கட்டி முடித்த பிறகு பேசினால் இரு தரப்புக்கும் நஷ்டம்தான்.

தனி ஒரு வியாபாரி போய்க் கேட்டால் "இஷ்டம் இருந்தால் வாங்குங்கள்" என்பார்கள். சங்கத்தின் பேரால், ஓய்வு பெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஐம்பது பேராகப் போய்க் கேட்டால் வரைபடம் மேசைக்கு வரும். அவருக்குத் தரும் சன்மானம் நாம் இழக்கக்கூடிய சரக்கின் மதிப்பில் ஒரு மூட்டை விலைகூட ஆகாது. அன்று நாங்கள் அதைச் செய்யவில்லை. புதிதாக இடம் தேடும் நம் வணிகர்கள் செய்ய வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.