புற்றில் நின்ற அம்பு

நாண் அதிர்ந்து அடங்குவதற்குள் எதிர்ப்பக்கத்தில் 'தொப்'பென்று ஒரு சத்தம். இடையில் பறந்த அம்பைக் கண் பிடிக்கவே இல்லை. விசில் ஊதியதும் பிள்ளைகள் வரிசையாக நடந்துபோய் இலக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்குகிறார்கள். ஒரு கையால் பலகையை அழுத்திக்கொண்டு, மறு கையால் அம்பின் அடிப்பக்கத்தைப் பற்றி நேராக இழுக்க வேண்டும். அசைத்தால் தண்டு வளைந்துவிடும். "கையைப் பாக்காத கண்ணு, மஞ்சளை மட்டும் பாரு" என்று அடுத்து எய்யவிருக்கும் சிறுமியிடம் சொல்கிறார் ஒரு பெரியவர். மஞ்சள் என்பது இலக்கின் நடுவட்டம்.

இது கொல்லிமலை. கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் கடந்து மேலேறினால் செம்மேடு. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கை ஒட்டி இங்கே வல்வில் ஓரி விழா நடக்கிறது. அதில் வில்வித்தைப் போட்டிக்குத் தனி இடம் உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மலையை ஆண்ட ஓரியைப் பூமாலையோடு மட்டுமல்ல, வில்லோடும் நினைக்கிறார்கள்.

அந்த ஓரியின் வில்லைப் புறநானூற்றின் 152ஆம் பாடல் காட்டுகிறது. பாடியவர் வன்பரணர். காட்டில் ஒரு வேட்டுவன் எய்த அம்பு யானையை வீழ்த்துகிறது, புலியைக் கொல்கிறது, புள்ளிமானை உருட்டுகிறது, பன்றியைச் சாய்க்கிறது, கடைசியில் பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பின் மேல் தைத்து நிற்கிறது. பார்த்துக்கொண்டிருந்த பாணர் கூட்டம் ஓரியைப் புகழ்ந்து பாட, தன் பெயரைக் கேட்ட வேட்டுவன் நாணுகிறான். அவன்தான் ஓரி.

ஓர் அம்புக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியோடு வில்லைப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

இருபது கிராம் எடையுள்ள அம்பைக் கையால் வீசிப் பாருங்கள், கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். நம் தசைகளுக்குப் பலம் உண்டு, வேகம் குறைவு. வேகமாகச் சுருங்கச் சுருங்கத் தசையின் இழுவிசை குறைந்துகொண்டே போகும். மெல்ல இழுத்தால் மட்டுமே முழுப் பலமும் வெளிவரும். வில் அந்த மெதுவான பலத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் நெருங்குகிறது. மூங்கிலானாலும் மரமானாலும் அதன் நார்கள் அத்தனையும் பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கின்றன. நாம் செலவழித்த உழைப்பு அந்தத் துடிப்பாக வில்லுக்குள் தங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 கிலோ இழுவிசையுள்ள வில்லை அரை மீட்டர் இழுத்தால் அதற்குள் ஏறத்தாழ 45 ஜூல் ஆற்றல் சேரும். இழுக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் நம் உழைப்பு நொடிக்கு 30 ஜூல்தான், ஒரு சிறிய பல்பு எரியும் அளவு. விரலை விட்டதும் அந்த ஆற்றலில் பெரும்பகுதி, சுமார் 36 ஜூல், ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அம்புக்குள் பாய்கிறது. அந்த இமைப்பொழுதில் வில்லின் திறன் ஏறத்தாழ மூன்று குதிரைத்திறன்! அம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் கிளம்புகிறது. ஒரு சிறுமியின் தோள் இரண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் சேமித்துத் தந்த வேகம் அது.

மனிதர் இதைக் கண்டுபிடித்தது நேற்றல்ல. இலங்கையின் மழைக்காட்டுக்குள் பாகியன்கல என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்பு முனைகளில் சில அம்பு முனைகள் என்றும், 48,000 ஆண்டுகள் பழமையானவை என்றும் ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். மரக்கிளைகளில் தாவும் குரங்கையும் அணிலையும் எட்டிப் பிடிக்க முடியாத மனிதர், தம் கைக்கு நீளம் கூட்டிக்கொண்டார்கள்.

அம்பு வில்லை விட்டுப் போகும் விதம் இன்னும் பெரிய வியப்பு. அம்பு வில்லின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அப்படியானால் அம்பு வில்லில் இடித்து விலகிப் போக வேண்டும். ஆனால் நேராகப் போகிறது! இந்தப் புதிருக்கு 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் எடுத்த அதிவேகப் படங்கள் விடை காட்டின. நாண் பின்னாலிருந்து நெருக்கும்போது அம்பு வளைகிறது. வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, மீன் நீந்துவதுபோல் இப்படியும் அப்படியும் நெளிந்தபடியே வெளியேறுகிறது. பிறகு நெளிவு மெல்ல அடங்கி நேராகிறது. அதனால்தான் ஒருவர் அம்பை இன்னொருவர் வில்லில் வைத்தால் குறி தவறுகிறது. தண்டின் விறைப்பும் வில்லின் பலமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். அதிவேகக் கேமரா இல்லாத காலத்து வேட்டுவர்கள் தண்டைக் கையில் வளைத்துப் பார்த்தே இந்தப் பொருத்தத்தை அறிந்திருந்தார்கள்.

இனி பயணம். ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அம்பு அதைச் சேர ஒன்றேகால் நொடி பிடிக்கும். அந்த நேரத்துக்குள் கீழே விழும் எந்தப் பொருளும் ஏழரை மீட்டர் இறங்கிவிடும். அதாவது அம்பு போகும் வழியில் இரண்டு மாடி உயரத்துக்கு விழுந்துகொண்டே போகிறது. அதை ஈடுகட்டத்தான் வில்லாளி சற்று மேல்நோக்கி விடுகிறார். போய்ச் சேர வேண்டிய பத்துப் புள்ளி வட்டத்தின் அகலமோ 12.2 சென்டிமீட்டர்.

பின்னால் உள்ள இறகு அம்பை நேர்வழியில் நிறுத்துகிறது. முனை கனமானது, வால் காற்றைப் பிடிப்பது. அம்பு கொஞ்சம் கோணினாலும் காற்று இறகைத் தள்ளி, வாலை மறுபடி முனைக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்க்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் கொல்லிமலையில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அம்புக்குத் தடையும் அந்த அளவு குறைகிறது. ஆனால் விழா நடப்பதோ அம்மியும் பறக்கும் ஆடியில். தடையைக் குறைத்த மலை, குறுக்கே காற்றை அனுப்பி வில்லாளியைச் சோதிக்கிறது.

தைத்த அம்பைப் பிடுங்க ஏன் அவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது? பாயிண்ட் 22 துப்பாக்கியின் குண்டோடு ஒப்பிடலாம். குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம், வேகம் நொடிக்கு 330 மீட்டர். அதன் ஆற்றல் அம்பைப்போல் நான்கு மடங்கு. ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் உந்தத்தில் அம்பே முந்துகிறது. மணலில் பாயும் குண்டு, தன் வேகத்தாலேயே பெரும் எதிர்ப்பைச் சந்தித்துச் சீக்கிரம் நின்றுவிடும். அம்போ மெலிந்த உடல், கூரிய முனை. அதன் எடை முழுவதும் ஒரே கோட்டில் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே குறைந்த ஆற்றலோடும் ஆழமாக இறங்குகிறது.

பழைய வில்கள் இன்றைய போட்டி வில்களைவிடக் கடுமையானவை. 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 45 முதல் 80 கிலோ வரை விசை வேண்டியிருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஓரியின் வில்லையும் அந்த வரிசையில் வைப்போம். அறுபது கிராம் அம்பு, நொடிக்கு 50 மீட்டர் வேகம் என்றால் 75 ஜூல். நெஞ்சுக்கூட்டில் சரியான இடத்தில் இறங்கினால் பெரிய விலங்கையும் அது வீழ்த்தக்கூடும். ஆனால் யானையின் தடித்த தோலையும் அகன்ற உடலையும் ஊடுருவி மறுபக்கம் வந்து, இன்னும் நான்கு உயிர்களைத் துளைக்க அந்த ஆற்றல் போதாது. வன்பரணர் தந்தது அளவுக்குறிப்பு அல்ல, புகழ்.

ஆனாலும் அந்தப் புகழுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. விலங்குகள் வரும் வரிசையைப் பாருங்கள். முதலில் யானை, அடுத்து புலி, பிறகு மான், பன்றி, முடிவில் தரையோடு ஊரும் உடும்பு. மலை போன்றதில் தொடங்கி மண்ணில் முடிகிறது. புலவர் நினைத்திருந்தால் யானையைக் கடைசியில் வைத்து இன்னும் பெரிதாக வியக்க வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வோர் உடலும் அம்பின் வலிமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் குறைந்துகொண்டே போகும், குறைந்த வலிமைக்குச் சிறிய உயிர்தான் எட்டும். அம்பு பாய்வதை நாள்தோறும் பார்த்த மக்களிடையே வாழ்ந்தவரின் கற்பனை இப்படித்தான் இறங்குவரிசையில் போகும். ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை, கைமாறிச் செலவாகிறது என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பதை, ஐந்து விலங்குகளை நிறுத்தி அவர் காட்டிவிட்டார்.

அம்பைப் பழகும் இடங்களில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு எழுப்புவது உலகெங்கும் வழக்கம். குறி தப்பும் அம்பை அது வாங்கிக்கொள்ளும். கோடானு கோடி மணல் துகள்கள் ஒன்றையொன்று உரசி, மிஞ்சிய வேகத்தையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சூடாக மாற்றிவிடும். வன்பரணர் தம் பாட்டில் அம்பை நிறுத்தியதும் ஒரு மண்மேட்டில்தான், கறையான் கட்டிய புற்றில் இருந்த உடும்பின் மேல். மறுபடி விசில் ஊதுகிறது. சிறுமி இலக்கை நோக்கி நடக்கிறாள். பலகையில் கை வைத்து, அசைக்காமல், நேராக இழுக்கிறாள். அவள் தோளில் தொடங்கிய சூடு, அம்பின் முனையில் இன்னும் கொஞ்சம் இருக்கும்.